கைக்கடிகாரம் நின்ற காரணம்

துபாய் கராமாவில் குடியிருக்கும் அன்பர் ஒருவர், ஒரு வர்த்தக நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கராக இருப்பவர், சென்ற குளிர்காலத்தில் தமக்கென்று ஒரு புதிய கைக்கடிகாரம் வாங்கினார். வயது ஐம்பத்தாறு. கைப்பேசியில் மணி தெரிகிறது, அலுவலகக் கணினியில் தெரிகிறது, காரில் தெரிகிறது, சமையலறை அடுப்பில்கூடத் தெரிகிறது. "இத்தனை இருக்க இது எதற்கு?" என்று வீட்டம்மா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவருக்கு ஓர் ஆசை. பாட்டரி இல்லாமல், சக்கரமும் வில்லுமாக ஓடுகிற கடிகாரம் ஒன்று வேண்டும். அதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் தினமும் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆசைக்கு வேர் பழையது. 1989-இல் அவர் பி.காம். தேறியபோது தகப்பனார் எச்.எம்.டி. வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், தாலி கட்டப் போகும் மாப்பிள்ளைக்கும் தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் எச்.எம்.டி.தான். காலையில் பல் விளக்கியதும் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் மறுநாள் நின்றுவிடும். அந்த நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அன்பரின் வாட்ச் அதற்கு வெகு காலம் முன்பே, ஊரில் ஒரு மழை நாளில் தண்ணீர் புகுந்து ஓய்ந்து போயிற்று. துபாய்க்கு வந்த பிறகு பாட்டரி வாட்சுகள்தான்.

வாங்கியது சீக்கோ 5. வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கோடாலித் தைலமும் டேப் ரிக்கார்டரும், கையில் தங்க நிறச் சீக்கோவோ சிட்டிசனோ இருந்த காலத்தை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வரிசை 1963-இல் வெளிவந்தது. பெயரில் உள்ள ஐந்து, ஐந்து குணங்களைக் குறிக்கும்: தானே சாவி ஏறிக்கொள்ளுதல், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிதல், தண்ணீர் தாங்குதல், சாவித் திருகு நான்கு மணி இடத்தில் பதிந்திருத்தல், உறுதியான கூடும் பட்டையும்.

முதல் வாரம் அன்பருக்குக் கொண்டாட்டம். கனம் கையில் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை. திருகு நான்கு மணிப் பக்கம் தாழ்ந்திருப்பதால் மேஜையில் கையை மடக்கி எழுதும்போது புறங்கையைக் குத்துவதில்லை. விடியற்காலை விளக்கைப் போடாமலே முட்கள் பச்சையாக மின்னி மணி காட்டுகின்றன. பாட்டரி வாட்சில் விநாடி முள் நின்று நின்று குதிக்கும்; இதில் வழுக்கிக்கொண்டு போகிறது. கிழமையை ஆங்கிலத்திலோ அரபியிலோ வைத்துக்கொள்ளலாம். அன்பர் அரபியில் வைத்து, இத்தனை வருஷம் கற்காத கிழமைப் பெயர்களை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். ஊர் மணி வேண்டுமானால் ஒன்றரை மணி கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அது அவருக்கு மனப்பாடம்.

பின்புறம் கண்ணாடி. அதன் வழியே அரைவட்டத் தகடு ஒன்று ஆடுவதைப் பார்க்கலாம். கை அசைய அசையத் தகடு சுழலும். அது எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒரு சிறு நெம்புகோல் அந்த அசைவைப் பிடித்து வில்லைச் சுருட்டிவிடும். 1959-இல் சீக்கோ கண்ட இந்த அமைப்புக்கு 'மாஜிக் லீவர்' என்று பெயர். சுருண்ட வில் மெல்ல விரியும்போது சக்கரங்கள் ஓடுகின்றன. முழுக்கச் சாவி ஏறினால் 41 மணி நேரம் ஓடும்.

உள்ளே இருக்கும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 21,600 முறை துடிக்கிறது, விநாடிக்கு ஆறு. இந்த எண்ணைக் கேட்டதும் கோயில் வழக்கு அறிந்த வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது யோக மரபின் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்துக் கூரையின் பொன்னோடுகளும் 21,600 என்று சொல்வது வழக்கம். நாழிகைக்கு 360 மூச்சு, நாளுக்கு 60 நாழிகை என்று பெருக்கினால் அந்த எண் வரும். அதாவது நிமிஷத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவார் என்கிற இன்றைய மருத்துவக் கணக்கிலும் அது அடங்குகிறது. ஆக, மனிதன் ஒரு நாளில் விடுகிற மூச்சைக் கடிகாரம் ஒரு மணியில் துடித்துவிடுகிறது. ஜப்பானியர் தில்லையைப் பார்த்துக் கணக்குப் போடவில்லை, தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் அன்பர் அன்று இரவு வாட்சைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் வாரம் முதல் குறை தலை காட்டியது. கைப்பேசி மணியோடு ஒப்பிட்டால் நாளொன்றுக்குப் பதினான்கு விநாடி வேகம். ஐந்தொகையில் பதினான்கு ரூபாய் இடித்தால் தூக்கம் வராத மனிதருக்கு இது பொறுக்குமா? கூடவே வந்த கையேட்டைப் புரட்டினார். நாளுக்கு 45 விநாடி வேகமோ 35 விநாடி தாமதமோ இருக்கலாம் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருந்தார். அதுவும் 5 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில். ஒரு நாளின் 86,400 விநாடியில் பதினான்கு என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் மனம் ஆறிற்று. சனிக்கிழமைதோறும் ஒரு தரம் சரிசெய்வது என்று வழக்கப்படுத்திக்கொண்டார்.

மூன்றாம் வாரம்தான் உண்மையான சங்கடம். திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால் கடிகாரம் மூன்று இருபதில் நின்றிருக்கிறது. ஆட்டினார், ஓடிற்று. அடுத்த திங்களும் அதே கதை. இரவில் கழற்றி வைத்ததைத் தவிர, சனி ஞாயிறு இரண்டு நாளும் கையில்தான் இருந்தது. புது வாட்ச் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அப்ரா படகில் ஏறி, தேராவில் உள்ள பழுது பார்ப்பவரிடம் போனார்.

அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வாட்சைக் கருவியில் வைத்துத் துடிப்பைப் பார்த்தார். முழுக்கச் சாவி கொடுத்து, மேஜை மேல் வைத்து, "புதன்கிழமை வாங்க சார்" என்று அனுப்பிவிட்டார். புதன்கிழமை போனபோது சிரித்தபடியே சொன்னார்:

"வாட்சிலே ஒரு குறையும் இல்லை சார். சும்மா கிடந்தே நாற்பது மணிக்கு மேலே ஓடிச்சு. உங்களுக்கு என்ன வேலை?"

"கணக்கு எழுதுகிற வேலை."

"காலையிலே வீட்டிலேருந்து லிஃப்ட், லிஃப்டிலேருந்து கார், காரிலேருந்து லிஃப்ட், அப்புறம் நாற்காலி. சரியா?"

"சரிதான்."

"லீவு நாளிலே?"

"சோபா" என்றார் அன்பர், கொஞ்சம் தணிந்த குரலில்.

"அப்போ வாட்ச் எப்படி சார் ஓடும்? நீங்க அசைஞ்சாத்தானே அதுக்குச் சாப்பாடு?"

கணக்கருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடிகாரத்துக்கு வரவு குறைவு, செலவு மாறாதது. வாரம் முழுவதும் கையிருப்பு கரைந்து, ஞாயிறு இரவு பெட்டி காலி. படகில் திரும்பும்போதுதான் அவருக்கு இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. அலுவலகத்தில் வருஷந்தோறும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று வந்திருந்தது. 6.5 எட்டினால் நீரிழிவு; 5.7-க்கு மேல் அதன் வாசற்படி. அந்தக் காகிதம் நான்கு மாதமாக மேஜை இழுப்பறையில் கிடந்தது. உடம்பின் கணக்கு கடிகாரத்துக்கு நேர்மாறானது: வரவு அதிகம், செலவு குறைவு, மிச்சம் இடுப்பில் சேர்கிறது. நேர்மாறான இரண்டு கணக்குக்கும் காரணம் ஒன்றுதான், அசையாத கை கால்.

இன்னொரு கையின் கதையையும் சொல்ல வேண்டும். அன்பரின் ஊர்க்காரர் ஒருவர் சோனாப்பூர் முகாமில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிறார். அவர் கையிலும் சீக்கோ 5-தான். ஏழு வருஷம் ஆகிறது. கண்ணாடி முழுக்கக் கீறல். "உங்கள் வாட்ச் எப்போதாவது நின்றிருக்கிறதா?" என்று அன்பர் கேட்டதற்கு, கேள்வியே புரியாமல், "எதுக்குண்ணே நிக்கணும்?" என்றாராம். அவர் உடம்புக்கு உழைப்பு போதாது என்பது கவலையல்ல. வெயிலும் தாகமும்தான் கவலை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இந்த நாட்டு விதி. பன்னிரண்டரை என்று முள் காட்டும்போது நிழலுக்கு வந்து, தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே கடிகாரம், ஒரு கைக்கு அது "எழுந்திரு" என்கிறது, மற்றொரு கைக்கு "உட்கார்" என்கிறது.

நாற்காலியில் அமர்ந்து பிழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. நம் நாட்டவருக்கு, மேல்நாட்டாரைவிடக் குறைந்த எடையிலும் குறைந்த வயதிலுமே நீரிழிவு வந்துவிடுகிறது. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடந்தால்கூடச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்புத் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த அறிவுரை. ஐந்து நாள், அரை மணி என்று தொடங்கலாம். வெயில் காலத்தில் எங்கே நடப்பது என்று கேட்பவர்களுக்குக் குளிரூட்டிய கடைவீதிகள் இருக்கின்றன. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் உள்ளவர்களும், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தக் கடிகாரம் ஆரோக்கியத்தை அளக்கும் கருவி அல்ல. கை அசைவைத்தான் அது அறியும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாலும் அதற்குச் சரியாகச் சாவி ஏறாது. உட்கார்ந்த இடத்தில் மிருதங்கம் வாசித்தால் ஏறிவிடும். திருகைச் சுழற்றிக் கையாலும் சாவி கொடுக்கலாம். பழுது பார்ப்பவர் அதையும் சொல்லித்தான் அனுப்பினார். அன்பர் அதைச் செய்யவில்லை. கடிகாரத்துக்குத் திருகு இருக்கிறது. உடம்புக்கு அப்படி ஒன்று இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

விநாடி முள் உள்ள எந்தக் கடிகாரத்துக்கும் இன்னோர் உபயோகம் உண்டு. 1707-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃபிளாயர், நாடி பார்ப்பதற்கென்றே ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரம் செய்வித்து அதைப் பற்றி நூலும் எழுதினார். அதற்குமுன் நாடியின் வேகத்தைப் பெரும்பாலும் விரல்தான் மதிப்பிட்டது. இன்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்கார்ந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழு நிமிஷம் எண்ண வேண்டும். 60 முதல் 100 வரை இயல்பு. எண்ணிக்கை அதற்கு வெளியே போனாலோ, தாளம் தப்பித் தப்பித் துடித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தகைய கடிகாரம் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவிட்டுப் போக வேண்டாம். கைப்பேசி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் மேல் வைக்க வேண்டாம். காந்தம் ஏறினால் ஓட்டம் கெடும். இரவு ஒன்பது முதல் விடியற்காலை நான்கு வரை தேதியை மாற்றக் கூடாது. அப்போது தேதிச் சக்கரத்தின் பற்கள் கூடியிருக்கும். பட்டையின் அடியில் வியர்வையும் சோப்பும் தங்காமல் துடைக்க வேண்டும். அங்கே அரிப்பும் தடிப்பும் வந்தால், உலோகத்தில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். துணிப் பட்டைக்கு மாறிப் பார்க்கலாம்.

அன்பர் இப்போது மாலையில் கைகளை வீசிக்கொண்டு சபீல் பூங்காவில் நடக்கிறார். வீட்டம்மாவும் கூட வருகிறார். கடிகாரம் எதற்கு என்று இப்போது கேட்பதில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் மாதம். என்ன வரும் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது திங்கட்கிழமைகள் கடந்துவிட்டன. ஒரு திங்கட்கிழமைகூடக் கடிகாரம் நிற்கவில்லை.