காப்பாளர் இட்ட கையொப்பம்

ஜமுனாமரத்தூர் போன்ற மலையூர்களில் ஆய்வு நடத்தப் புகுவோர், ‘ஊர்ப்பெரியவர் இசைந்துவிட்டார், இன்னும் என்ன?’ என்கின்றனர். மக்களோடு கூட்டாகச் செய்யும் ஆய்வென்று அதற்குப் பெயரும் சூட்டுகின்றனர். பெரியவரின் இசைவு ஊருக்குள் நுழைய வழிவிடும். ஒரு பெண்பிள்ளையின் உடலைத் தொட அது போதாது என்பதே நம் வாதம்.

2009இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் நடந்ததை மறப்பதற்கில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் 10 முதல் 14 வயதுச் சிறுமியர் சேர்க்கப்பட்டனர். பலர் பழங்குடியினர், விடுதி மாணவியர். பின்னர்ப் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையொப்பமிட்டோர் விடுதிக் காப்பாளர்களே! 2010இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாகவே இருக்கட்டும்; அதிலே நமக்கு வழக்கில்லை. விடுதியில் விடப்பட்ட பிள்ளை அமானிதம் அன்றோ? அமானிதத்தைப் பிறர் கையில் கொடுக்கக் காப்பாளருக்கு உரிமை ஏது?

சமுதாயத்தின் அனுமதி தனியொருவரின் ஒப்புதலுக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளும் கூறுகின்றன. (கம்மத்து ஆய்வில் அக்கழகமும் பங்காளியே.)

சவ்வாது மலையிலும் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கின்றனர்; பெற்றோர் பிழைப்புக்காக மலையிறங்குகின்றனர். அவர்கள் திரும்பும்வரை ஆய்வாளர் காத்திருக்கட்டும். தாய் மறுத்தால் அப்பிள்ளையின் பெயரை அடித்துவிடட்டும்.