புகைப்படக் கழகம் யாருக்காக?

புகைப்படக் கலையிற் பயிற்சி மிக்கோரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. தேர்ச்சி பெற்ற சிலர் கூடிப் போட்டிகளை நடத்துவதும், கண்காட்சிக்குத் தகுந்த படங்களைத் தெரிந்தெடுத்துப் பரிசளிப்பதுமே புகைப்படக் கழகமொன்றின் பணி என்பது அக்கருத்து. நேற்றுக் கமராவைக் கையிலெடுத்த மாணவியும் கடைச் சிப்பந்தியும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் தேர்ந்த கலைஞரோடு ஒரே கழகத்தில் அமர்ந்தால் கலையின் தரம் தாழ்ந்துவிடும் என அவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் கலைமீதுள்ள அக்கறையின் விளைவன்று. படம் எடுப்போர் ஒரு சாரார், எடுக்கப்படுவோர் வேறொரு சாரார் என்ற பழைய பிரிவினையின் எச்சமே அது.

அப்பிரிவினைக்கு இலங்கையில் நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களிற் கவிஞர் டெனிசனும், விஞ்ஞானிகளான ஹேர்ஷலும் டார்வினும் தத்தம் பெயரோடு விளங்குகின்றனர். இலங்கையில் அவர் எடுத்த படங்களிற் காணப்படும் தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். அக்காலத்தில் ஸ்கீன், ஸ்கோவன் ஆகியோரின் நிலையங்கள் விற்பனைக்கு வைத்த படங்களிலும், மனிதரின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ நின்றது. இப்படங்களின் நுட்பச் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், அவற்றில் நிற்கும் பெண் யாருடைய மகள், எந்த லயத்தில் வாழ்ந்தாள் என்பதை இன்று அறிய வழியில்லை. கலையின் தரம் மாத்திரம் போதுமெனின், இவ்விழப்பை இழப்பென்றே கருத முடியாது போகும்.

கமரா மலிவானபோது இப்பிரிவினை தானே மறைந்திருக்க வேண்டும். ஈஸ்ட்மன் 1888இற் கொடக் கமராவையும், 1900இல் ஒரு டொலர் விலையிற் பிரௌனிக் கமராவையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். நிகழ்ந்ததோ வேறு. 1892இல் இலண்டனில் தோன்றிய 'லிங்க்ட் றிங்' அழைக்கப்பட்டோரை மாத்திரமே உறுப்பினராக ஏற்றது. 1902இல் ஸ்ரீக்லிட்ஸ் நியூயோர்க்கில் நிறுவிய 'போட்டோ செசெஷன்' அமைப்பும் தெரிந்தெடுத்த சிலரின் வட்டமாகவே இருந்தது. புகைப்படத்தைக் கலையென நிலைநாட்டியதில் இவற்றுக்குப் பங்குண்டு. எனினும், படமெடுப்போர் தொகை பெருகப் பெருகக் கலைஞர் குழாங்களின் வாயில் ஒடுங்கியமை தற்செயலானதன்று.

இதற்கு நேர்மாறான ஓர் அமைப்பும் அதே நியூயோர்க்கில் எழுந்தது. 1936இல் உருவான 'போட்டோ லீக்' தொழின்முறையாளரையும் ஆர்வலரையும் ஒருங்கே சேர்த்துக்கொண்டது. குறைந்த கட்டணத்திற் பாடசாலை, பொது இருட்டறை, ஒருவர் படத்தைப் பிறர் தயவின்றி விமர்சிக்கும் கூட்டங்கள் என்பன அதன் வழிமுறைகள். பாடசாலையின் உயிர்நாடியாக சிட் குரொஸ்மன் விளங்கினார். தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த சிறுவரைப் படமெடுத்து, அவர்களின் பெயரையும் வயதையும் குறித்துவைத்த லூயிஸ் ஹைன் 1940இல் வறுமையில் மறைந்தபின், அவரது படச் செல்வத்தைப் பேணிக்காத்ததும் இவ்வமைப்பே.

தரம் தாழ்ந்ததா? வோல்ட்டர் ரோசன்ப்ளம் என்னும் இளைஞர் இருபது வயது நிரம்புமுன் இக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தாம் வளர்ந்த ஏழ்மைச் சுற்றாடலிலுள்ள பிற் வீதியை 1938இற் படமெடுத்தார். பின்னர் அதே கழகத்தின் தலைவருமானார். வாயில் திறந்திருந்தமையாலேயே அவ்வீதிக்கு அதன் மைந்தரிடமிருந்து ஒரு கலைஞர் கிடைத்தார்.

இக்கழகத்திற்கும் குறையுண்டு. ஆரன் சிஸ்கின்டின் தலைமையில் ஒரு குழு கறுப்பின மக்களின் ஹார்லெமைப் படமெடுத்தது. படமெடுத்தோர் வெள்ளையர், அவர்கள் ஹார்லெமின் துயரையே பெரிதும் கண்டனர், அதன் முழு வாழ்வைக் காணவில்லை எனப் பிற்கால விமர்சகர் குற்றஞ்சாட்டினர். குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் அது திறந்த கழகத்துக்கு எதிரான சான்றன்று. வாயில் இன்னும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்பதற்கான சான்று. 1947 டிசம்பரில் அமெரிக்க அரசு இவ்வமைப்பை நாசகார அமைப்புகளின் பட்டியலிற் சேர்த்தது. 1951இற் கழகம் மூடப்பட்டது. பரிசுக் கிண்ணங்களைப் பங்கிடும் கழகத்துக்கு எந்த அரசும் அஞ்சியதில்லை.

இன்று கையடக்கத் தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கையிற் கழகம் எதற்கு எனச் சிலர் வினவலாம். படம் எடுப்பது இலகுவாயிற்று. பார்க்கக் கற்பதும், பெயர் குறிப்பதும், பேணுவதும் இலகுவாகவில்லை. லயனல் வென்ட் போன்ற பெருங்கலைஞர் 1944இல் மறைந்தபின் அவரது நெகட்டிவ்களே அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளைக் கொண்டே 1950இல் அவரது படநூல் வெளிவந்தது. பெயர்பெற்றவரின் நிலை இதுவெனின் ஏனையோரின் நிலை சொல்லத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995இன் இடப்பெயர்விலும் 2009இன் இறுதிப் போரிலும் வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் திருமண அல்பங்களையும் பிள்ளைகளின் படங்களையும் கைவிட்டன. இறந்த மகனின் முகத்தைக் காட்ட ஒரு படமேனும் இல்லாத தாய்மார் உள்ள மண்ணில், புகைப்படக் கழகம் சூரிய அஸ்தமனத்துக்குப் புள்ளியிட்டுக் கொண்டிருப்பது வெட்கத்துக்குரியது.

எனவே பல்கலைக்கழகத்திலாயினும் கிராமத்திலாயினும் தோன்றும் கழகம் மூன்று கடமைகளை ஏற்க வேண்டும். கமராவைப் பிடிக்கத் தெரியாதவரையும் உறுப்பினராக ஏற்றல் முதலாவது. ஒவ்வொரு படத்தோடும் அதிலுள்ளோரின் பெயர், இடம், திகதி ஆகியவற்றை அவர்தம் சம்மதத்தோடு எழுதிவைத்தல் இரண்டாவது. வீடுகளில் எஞ்சியுள்ள பழைய படங்களைப் பிரதியெடுத்து, ஓரிடத்தில் மட்டுமன்றிப் பலவிடங்களிற் பேணுதல் மூன்றாவது. இக்கடமைகளில் தேர்ந்த கலைஞனுக்கும் இடமுண்டு. முகத்தின் மீது ஒளி எவ்வாறு விழ வேண்டுமென அவன் கற்பிப்பான். முகம் யாருடையது என்பதை ஊரின் முதியவள் அவனுக்குக் கற்பிப்பாள். அம்முதியவள் இன்னும் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. அடுத்த போட்டிக்கான அறிவித்தலை எழுதுமுன் கழகத்தார் அவள் வீட்டுக்குச் செல்வார்களாக.