துப்பாக்கி மேல எனக்குக் கோபம் இல்லீங்க

வருஷா வருஷம் தீபாவளி நெருங்கும்போது எங்கள் புனே அபார்ட்மெண்டில் இரண்டு காய்ச்சல் பரவும். ஒன்று டெங்கு. இன்னொன்று கால் ஆஃப் ட்யூட்டி. 2005-லிருந்து வருஷம் தவறாமல் ஒரு புது கேம் வருகிறது. ட்ரெய்லர் அதற்குப் பல வாரம் முன்னாலேயே வந்துவிடும். "அங்கிள், ப்ரீ-ஆர்டர் போட்டாச்சு!" என்கிறான் பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன். பெட்டியில் 18 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அவன் அப்பாவின் கிரெடிட் கார்டுக்குத் தெரியாது போல.

உடனே "வந்துட்டாருய்யா கலாச்சாரக் காவலர்" என்று ஆரம்பிக்காதீர்கள். கேம் ஆடினால் பையன் கொலைகாரன் ஆகிவிடுவான் என்கிற கட்சியில் நான் இல்லை. ஒற்றை அரிவாளோடு ஊரையே சாய்க்கிற ஹீரோவின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரிலிருந்து வந்துவிட்டு, எந்த வாயால் அதைப் பேசுவது? என் சண்டை வேறு. நிஜப் போரின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு, அதன் உண்மையைக் கழற்றி வீசிவிட்டு விற்கிறார்களே, அதோடு.

1991 பிப்ரவரியில் குவைத்திலிருந்து பின்வாங்கிய இராக் வண்டி வரிசையை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை விமானங்கள் குண்டு போட்டு எரித்தன. அந்த ரோட்டுக்கு 'ஹைவே ஆஃப் டெத்' என்றே பெயர் வந்தது. 2019-ல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் அதே பெயரில் ஒரு கட்டம். நாடு கற்பனை. ஆனால் குண்டு போட்டது யாராம்? ரஷ்யர்களாம்! பதினைந்து வயதுப் பையன் இதைத்தான் சரித்திரம் என்று மனதில் ஏற்றிக்கொள்வான்.

"அமெரிக்காக்காரன் அப்படித்தான் சார்" என்பீர்கள். சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்குத் தடை. இரண்டே நாளில் ஃபவ்-ஜி அறிவிப்பு! கதைக்களம் கல்வான். நவம்பர் கடைசியில் முன்பதிவைத் திறந்ததும் ஒரே நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் சேர்ந்ததாகக் கம்பெனியே சொன்னது. 2021 ஜனவரி 26-ல் கேம் வந்தது. சீனா தன் பக்கம் 4 பேர் இறந்ததை ஒப்புக்கொண்டதே அடுத்த மாதம்தான். அங்கே என்ன நடந்தது என்பது முழுசாக வெளிவரும் முன்பே நம் பிள்ளைகள் அதை ஆடி முடித்துவிட்டார்கள்.

நிகர வருமானத்தில் 20 சதவீதம் 'பாரத் கே வீர்' நிதிக்கு என்றார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. முதலில் வந்த பாகத்தில் துப்பாக்கியே இல்லாமல் கைகலப்பாக வைத்ததும் நடந்ததை ஒட்டித்தான். ஆனால் அந்த 20 பேரில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், ஹவில்தார் பழனி. அதே குடியரசு தினத்தை ஒட்டித்தான் அவருக்கு வீர் சக்ரா அறிவித்தார்கள். முன்பதிவு செய்த நம் வீட்டுப் பையன்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

"அட, வெறும் கேம்தானே!" வெறும் கேம் என்றால் நிஜ இடத்தின் பெயர் எதற்கு? கற்பனைப் பெயரே போதுமே! நிஜம் வேண்டும், ஏனென்றால் அதுதான் விற்கிறது. அப்படியானால் நிஜத்துக்குப் பதில் சொல்லும் கடமையும் சேர்ந்துதான் வரும்.

கேமால் முடியாதது என்றும் இல்லை. போலந்துக்காரர்கள் 2014-ல் 'திஸ் வார் ஆஃப் மைன்' என்று ஒன்று செய்தார்கள். அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. முற்றுகையில் மாட்டிய ஊரில் சோற்றுக்கும் மருந்துக்கும் அலைகிற சாதாரண ஜனம். அதைப் பதினெட்டு நிறைந்த மாணவர்களுக்கான பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக 2020-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் நமக்கு ஒரு கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ராமநாதபுரம் அவனுக்கு ரயில் டிக்கெட்டில் வருகிற பெயர், அவ்வளவுதான். நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. தடை போடாதீர்கள், ஒளிந்து ஆடுவான். ட்ரெய்லரை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். இது எந்த ஊர், எந்த வருஷம், செத்தவர்கள் யார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்த பிறகும் வாங்கத் தோன்றினால், பதினெட்டு ஆனதும் அவன் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.