பின்வரிசைத் தம்புரா

மேற்கத்திய ராக் இசையிலும் நாட்டார் இசையிலும் ராகம் நுழைந்த கதையை எங்கே படித்தாலும் ஆண்கள்தான் வரிசையாக வருகிறார்கள். 1965இல் பீட்டில்ஸின் 'நார்வீஜியன் வுட்' பாட்டுக்குச் சித்தார் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன். கித்தார் தந்திகளை வேறு விதமாகச் சுருதி கூட்டி ராகச் சாயலைக் கொண்டுவந்த டேவி கிரகாம். இவர்களுக்கெல்லாம் முன்னால் ரவிசங்கர். இவர்கள் தேடினார்கள், கலந்தார்கள், துணிந்தார்கள். அதே கதையில் பெண் வரும்போது வினைச்சொற்கள் காணாமல் போய் உரிச்சொற்கள் வந்துவிடும். தூய குரல், மாயக் குரல், தெய்வீகக் குரல். ஆண் எதையோ செய்கிறான். பெண்ணிடம் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

ஷர்லி காலின்ஸை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளின் நடுவில் டேவி கிரகாமோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் புதுமை கிரகாமின் கணக்கில் போயிற்று, இனிமை காலின்ஸின் கணக்கில். அதற்கு முன்பே, 1959இல், ஆலன் லோமாக்ஸோடு அமெரிக்கத் தென்மாநிலங்களில் அலைந்து நாட்டார் பாடல்களை ஒலிப்பதிவு செய்தவர் அவர். லோமாக்ஸ் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் காலின்ஸுக்குக் கிடைத்த இடம் போகிற போக்கில் ஒரு குறிப்பு. தன் பயணக் கதையைத் தானே ஒரு புத்தகமாக எழுத வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

இந்த வரிசையில் நம் கவனத்துக்கு அதிகம் வராமல் போனவர் ஷீலா சந்திரா. 1965இல் லண்டனில், தென்னிந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பிபிசியின் 'கிரேஞ்ச் ஹில்' என்ற பள்ளிக்கூடத் தொடரில் நடித்த சிறுமி. பதினேழு வயதில், 1982இல், மான்சூன் என்ற குழுவில் அவர் பாடிய 'எவர் ஸோ லோன்லி' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்துக்கு வந்தது. ஒரே ஆதார சுருதியின் மேல் நகரும் பாப் பாட்டு அது. அதே ஆண்டில் மான்சூன், பீட்டில்ஸின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டையும் தன் பாணியில் பாடியது. 1966இல் வந்த அந்தப் பாட்டின் அடியில் ஓடுவது தம்புரா. நம் வீட்டுத் தம்புராவை நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் எடுத்துப் போய்ப் போதைக் கனவுக்குப் பின்னணியாக வைத்தார்கள். பதினாறு வருடம் கழித்து அதை ஓர் இந்தியக் குடும்பத்துப் பெண் திரும்ப எடுத்துக்கொண்டாள். முதல் செயலுக்குப் புரட்சி என்று பெயர். இரண்டாவதற்கு மறுபதிப்பு என்று பெயர்.

மான்சூனின் அடிப்படை எண்ணம் தயாரிப்பாளர் ஸ்டீவ் கோவினுடையது. அதை மறைக்கத் தேவையில்லை. மறைத்தால்தான் நம் வாதம் நிற்கும் என்றால் அது வாதமே இல்லை. என் கேள்வி அதற்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளைப் பற்றியது. பெரிய நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல், வெற்றி பெற்ற ஆண்டிலேயே குழு கலைந்தது. ஷீலா, கோ நடத்திய இன்டிபாப் என்ற சிறு நிறுவனத்துக்குப் போய் 1984, 85 ஆகிய இரண்டே ஆண்டுகளில் நான்கு இசைத்தட்டுகள் வெளியிட்டார். அதில் ஒன்றின் பெயர் 'கொயட்'. பாட்டு வரிகளே இல்லாத இசைத்தட்டு. பட்டியலில் ஏறிய பத்தொன்பது வயதுப் பாடகி வார்த்தையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் வைத்துச் சோதனை செய்கிறார் என்றால் அது திட்டம். ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் 'தேடல் காலம்' என்று தனி அத்தியாயமே எழுதியிருப்பார்கள். இவர் விஷயத்தில் அது 'எவர் ஸோ லோன்லி' பாடிய பெண் வெளிச்சத்திலிருந்து விலகியிருந்த காலம்.

தொண்ணூறுகளில் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனத்துக்காக அவர் செய்த மூன்று இசைத்தட்டுகளை இசை படிக்கும் மாணவிகள் அவசியம் கேட்க வேண்டும். 1992இல் வந்த 'வீவிங் மை ஆன்செஸ்டர்ஸ் வாய்சஸ்' பெரும்பாலும் குரலும் சுருதியும்தான். 'டோனல் ஓக்' என்று ஒரு பழைய ஐரிஷ் பாட்டு உண்டு, கைவிடப்பட்ட பெண்ணின் புலம்பல். அதை அவர் சுருதி மேல் வைத்துப் பாடும்போது கமகம் எங்கே தொடங்குகிறது, ஐரிஷ் அசைவு எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து நம் பாட்டிமார்கள் இட்டுக்கட்டிய மெட்டுக்கெல்லாம் இசையமைப்பாளர் என்று யார் பெயரைப் போட்டோம்?

அந்த இசைத்தட்டிலேயே 'ஸ்பீக்கிங் இன் டங்ஸ்' என்ற வரிசையும் தொடங்குகிறது. மிருதங்க, தபலாச் சொற்கட்டுகளை வாயாலேயே அடுக்கிக்கொண்டு போவார். அங்கே வேகம் மட்டும் பெரிதில்லை. நம் ஊரில் தாளச் சொல் யார் வாயில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று மிருதங்க வித்வான்கள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்றும் புராண காலமில்லை. ராகம் தானம் பல்லவி ஆண்களின் கணக்கு என்றிருந்த மேடையில் டி.கே. பட்டம்மாள் அதைப் பாடியதே செய்தியானது. கடம் வாசிக்க வந்த சுகன்யா ராம்கோபால் தனக்கென்று பெண்கள் குழு ஒன்றையே உருவாக்க வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில், ஒரு பெண் குரல் தாளத்துக்குத் துணை கேட்காமல் தானே தாளமாகிவிடுவதை 'கவர்ச்சியான கீழைநாட்டுப் பரிசோதனை' என்ற வகையில் எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

நம் பக்கத்துச் சோம்பேறித்தனம் வேறு வகை. குருமுகமாகப் படித்தவரா? எந்தப் பாணி? ராகம் சுத்தமா? கேட்பவர்கள் ஹாரிசன் சித்தார் பிடித்த அழகை மன்னித்தவர்கள்தான். அவர் சில காலம் ரவிசங்கரிடம் உட்கார்ந்ததே போதுமானதாகிவிட்டது. கலப்பில் ஆண் கலந்தால் உலகப் பார்வை, பெண் கலந்தால் அரைகுறை. சாதியைப் பற்றிப் பேசும்போது இந்தத் தர்க்கத்தை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். இசை என்று வந்தால் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டுகிறோம்.

1994இல் வந்த 'தி ஸென் கிஸ்' இசைத்தட்டில் பெண்களை நேராக விளித்து அழைக்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இசை இயற்றிய கன்னிமடத் தலைவி ஹில்டகார்டின் பெயரில் இன்னொன்று. இரண்டு ஆண்டு கழித்து 'அபோன்க்ரோன்ட்ரோன்'. பெயரிலேயே எலும்பும் கிழவியும் சுருதியும் இருக்கின்றன. ஆறு பகுதிகளிலும் பாட்டென்று எதுவும் முன்னால் வந்து நிற்காது. சுருதியின் உள்ளே கேட்கும் மேல்ஸ்வரங்கள்தான் விஷயம். குரல் அவற்றோடு கலந்து வந்து போகும்.

சபாவில் பார்த்திருப்பீர்கள். மேடையில் வித்வான், இருபக்கமும் பக்கவாத்தியம், பின்னால் தம்புராவோடு ஒரு பெண். மகளாக இருக்கும், மாணவியாக இருக்கும், சில நேரம் மனைவி. கச்சேரி முழுக்க அவள் விரல் நிற்காது. அழைப்பிதழில் பெரும்பாலும் பெயர் இருக்காது. இப்போது அந்த இடத்தில் ஒரு மின்னணுப் பெட்டி வந்துவிட்டது. அந்த வேலையை ஒரு பெட்டி செய்துவிடும் என்று நாம் எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். ஷீலா சந்திரா அந்தப் பின்வரிசையைத் தூக்கி முன்னால் வைத்து, பாட்டை வெளியே அனுப்பிவிட்டார். கேட்பதற்குச் சுலபமான இசைத்தட்டு இல்லை. முதல் தடவை எனக்கே பொறுமை போயிற்று.

2010 வாக்கில் அவர் பாடுவது நின்றது. வாய் எரிச்சல் நோய். பாடினால், பேசினால், சிரித்தால், அழுதால்கூட வலி. பெரும்பாலும் மௌனமாகவே வாழ வேண்டியதாயிற்று. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடமே இந்த நோய் அதிகம். காரணம் இன்றைக்கும் முழுமையாகத் தெரியாது. வெளியே தெரியாத வலியோடு மருத்துவரிடம் போன பெண்களுக்கு 'எல்லாம் மனசுதாம்மா' என்ற பதில் எவ்வளவு பழக்கமானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதன் பிறகு அவரைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் மௌனத்திலிருந்து தொடங்குகிறார்கள். குரலை இழந்த குயில் என்ற பாணியில். குரலை இழந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2016இல் புதிய இசைத்தட்டோடு வந்த ஷர்லி காலின்ஸ் எல்லாருக்கும் பிடித்த கதை. மகிழ்ச்சி, எனக்கும் பிடிக்கும். ஆனால் திரும்பி வந்தவளைக் கொண்டாடும் கூட்டம் திரும்பி வராதவளிடம் அதையே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு பொறியாளருக்குக் கை செயலிழந்தால் அவர் கட்டிய பாலத்தைப் பற்றிப் பேசுவோம். பாடகிக்குக் குரல் போனால் மட்டும் ஆளே போய்விட்டதுபோல் எழுதுகிறோம். அவளிடம் இருந்தது குரல் மட்டும்தான் என்று முதலிலேயே முடிவு செய்திருந்ததால் வரும் வினை இது.

ஷீலா போய்விடவில்லை. 2010இல் வீட்டில் சேரும் வேண்டாத பொருள்களை ஒழிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2017இல் கலைஞர்கள் தங்கள் வேலையிடத்தையும் தொழிலையும் எப்படி ஒழுங்கு செய்துகொள்வது என்று இன்னொன்று. இசை விமர்சகர்கள் இந்தப் புத்தகங்களைச் சற்றுச் சங்கடத்தோடு கடைசி வரியில் குறிப்பிடுவார்கள். வீடு கூட்டுவதைப் பற்றிய புத்தகம் அல்லவா. இருபது வயதுக்கு முன்பே பெரிய நிறுவனத்தைப் பார்த்து, சிறு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுக்கு நான்கு இசைத்தட்டு செய்த ஒருவர், ஒரு கலைஞர் தன் நேரத்தையும் மேசையையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று எழுதினால் அதைப் படிக்க எனக்கு ஆசை. குழு அமைத்துப் பாடும் நம் கல்லூரிப் பெண்கள் அந்தப் புத்தகத்தையும் 'கொயட்' இசைத்தட்டையும் ஒரே அலமாரியில் வைக்கலாம்.