குளத்துக்குள் விழுந்த முதல் மரம்

துபாயிலிருந்து திரும்பிய மச்சினன் பெரம்பலூரில் வீடு கட்டினான். கட்டட்டும். கொல்லையில் முப்பதடி நீளத்துக்கு நீச்சல் குளமும் வெட்டப் போகிறானாம்! சுற்றி என்ன செடி வைக்கலாம் என்று என்னைக் கேட்டான். காரணம், நான் பி.எஸ்ஸி. பாட்டனி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக ஆபீசில் வவுச்சர் பாஸ் பண்ணுகிறேன். முதல் முறையாக ஒருவன் பாட்டனியில் சந்தேகம் கேட்கிறான். விடுவேனா? ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் பஸ் ஏறிவிட்டேன்.

லிஸ்ட்டோடு நின்றான். முதல் பெயர் அரளி.

"வருஷம் பூரா பூக்கும். தண்ணியே கேக்காது மாமா."

"ஆளைக் கேக்கும்" என்றேன். அரளியில் இலை, பூ, விதை, வேர் எல்லாமே விஷம். இதயத்தையே பிடிக்கும். குளம் என்றால் குழந்தைகள் வரும். கையில் கிடைத்தது வாய்க்குப் போகும். அடித்தேன்.

காகிதப்பூ? வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் முள்ளா! மூங்கில்? ஓயாமல் சருகு. அரசு? வேர் தண்ணீரைத் தேடிப் போய்ச் சுவரைப் பிளக்கும். முருங்கை? மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி நீச்சல் பழகும்.

"பூவைப் பாத்துச் செடி வாங்காதே மாப்ளே. அது எதைக் கீழே போடுதுன்னு பாரு."

தண்ணீரில் இலை அழுகினால் குளோரின் அதனோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அப்புறம் பாசிதான். பொடி இலை ஃபில்டரையும் அடைக்கும். ஆகவே கல்வாழை வை, அரிகா பாம் வை. பெரிய இலை, கையாலேயே பொறுக்கிவிடலாம். ஓரத்தில் வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் அலையாமல் நேராகக் கீழே இறங்கும். சுவரைத் தொந்தரவு செய்யாது.

"அப்ப இந்த வேம்பு?" என்றான்.

மாசி, பங்குனியில் இலை. சித்திரையில் பூ. ஆனி, ஆடியில் பழம். என் சட்டப்படி முதல் குற்றவாளி அதுதான். வெட்டு என்று சொல்ல வாயெடுத்தேன்.

திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிரவேயில்லை. "அது இவங்கப்பா வச்ச மரம். இவன் நீச்சல் பழகின கிணத்துல அந்த எலைதான் மெதந்துச்சு. எலையை ஒதுக்கிட்டுத்தான் குதிப்பான்."

மச்சினன் தரையைப் பார்த்தான். கண் கலங்கியது வெங்காயத்தால் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டனி வாயை மூடிக்கொண்டது.

பிறகுதான் மூளை வேலை செய்தது. ஆடிக்காற்று நம் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கும். பிளானில் குளம் மரத்துக்குக் கிழக்கே! அத்தனை பழமும் உள்ளேதான். மேற்கே தள்ளிப் போட்டால் பாதிக் குப்பை மிச்சம். மாசிச் சருகுக்கு மேலே ஒரு வலை. பிளானைத் திருத்தியதில் முப்பதடி இருபதடியானது. மரம் பிழைத்தது.

"மீதி இலை விழுந்தா?"

"உடனே எடுத்துடு. விட்டா கல்லாயிடும்."

பொய்யில்லை. நம்ம சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல். அதில் விழுந்து புதைந்த மரம் அது. யாரும் வலை போட்டு எடுக்கவில்லை. இன்று பூங்கா அமைத்துப் பாதுகாக்கிறோம்.

"கல்லாக எத்தனை நாளாகும் மாமா?"

"அதுக்குச் சுமார் 12 கோடி வருஷ வயசாம். சாப்பிட்டுட்டே எடுக்கலாம், வா!"