கன்னு நட்டா மட்டும் போதுமா?



போன வருஷம் நம்ம கோயில் வளாகத்துல தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்கள அழைச்சு கன்னு நட்டோம். ஆளுக்கு ஒரு தொப்பி, ஒரு கன்னு, நிறைய போட்டோ. ரெண்டு வாரத்துல பாதிக்கு மேல காஞ்சு போச்சு. ஏற்பாட்டுல நானும் ஒருத்தன், அதனால குறை எனக்கும் சேர்த்துத்தான்.

1974-ல துன் அப்துல் ரசாக் பிரதமரா இருந்தப்ப பச்சைப் புத்தகத் திட்டம் வந்துச்சு. விலைவாசி ஏறின நேரம். சும்மா கிடக்கிற நிலத்துல காய்கறி போடுங்கன்னு அரசாங்கமே சொன்னது. சில வருஷம் கழிச்சு எங்க தோட்டப் பள்ளியிலயும் பாத்தி போட்டோம், பாத்திக்கு நாலு பேரு. தண்ணி ஊத்த மறந்தா வாடின கீரையே காட்டிக் கொடுத்துடும். பறிச்ச பயத்தங்காய வீட்டுக்குக் கொண்டு போன நாள் இன்னும் ஞாபகத்துல இருக்கு.

இன்னிக்கு நீலாய்ல ரப்பரும் செம்பனையும் நின்ன இடத்துல தாமான், ஃபேக்டரி, காலேஜ். பிள்ளைங்களுக்குக் கீரைன்னா பேரங்காடி பிளாஸ்டிக் பையில இருக்கிறதுதான்.

ஒரு தாய் என்கிட்ட நேராவே கேட்டாங்க: "அண்ணே, எங்கம்மா பால் மரம் வெட்டியே முதுகு ஒடிஞ்சாங்க. எம்புள்ள கையில திரும்ப மம்பட்டியா?" நியாயமான கேள்வி. எங்கம்மாவும் அப்படிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. ஆனா நம்மாளுங்கள வாட்டினது குறைஞ்ச கூலியும் சொந்த நிலம் இல்லாததும்தான். அந்தப் பழிய மண்ணு மேல போடலாமா? மண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற பிள்ளை, நாளைக்குப் பாட்டி செஞ்ச வேலையையும் சொல்ல வெட்கப்படும்.

அதனால இந்தத் தடவை மூணு மாசம் செய்வோம். திருவிழா முளைப்பாரியே முதல் பாடமா இருக்கட்டும். எந்த விதை முளைக்குது, எது முளைக்கலன்னு பிள்ளைங்களே எண்ணிப் பார்க்கட்டும். அப்புறம் பாத்தி. கீரை ஒரு மாசத்துல பறிச்சிடலாம். வெண்டைக்காய்க்கு ஐம்பது நாள் ஆகும், கத்திரிக்காய்க்கு ரெண்டு மாசத்துக்கு மேல. சின்னவங்களுக்குக் கீரை, பெரியவங்களுக்குக் கத்திரி.

ஃபேக்டரியில ஷிப்ட் போடுற மாதிரி தண்ணி ஊத்துறதுக்குப் பேர் எழுதி ஒட்டணும், பள்ளி விடுமுறைக்கும் சேர்த்து. டிங்கி பயம் இருக்கு, தண்ணி டிரம்முக்கு மூடி கட்டாயம். வாடின மாலைய குப்பையில போடாம, நூலையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துட்டு மக்க வச்சா உரம். லயத்துப் பின்னால கொல்லை போட்ட பாட்டிங்க இன்னும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர்றாங்க. அவங்கதான் வாத்தியார்.

விளைஞ்சது அன்னதானத்துக்கு. பரிமாறுறதும் பிள்ளைங்கதான்.

நடுற அன்னிக்கு போட்டோ வேண்டாம். பறிக்கிற அன்னிக்கு எடுப்போம். வர்றவங்க கீழ பேர் போடுங்க.

ஓம் சக்தி.