பேய் வீட்டுக்கு இரண்டு வாசல்

கோடை விடுமுறை விட்டதும் எங்காவது ஒரு திடலில் பொருட்காட்சிக் கூடாரம் எழும்பிவிடுகிறது. டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, ராட்சத ராட்டினம், மரணக் கிணறு எல்லாம் இன்னும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவது என்னவோ பேய் வீட்டு வாசலில்தான். "தாத்தா, வாங்க தாத்தா" என்றால் நம்மாலும் மறுக்க முடிவதில்லை.

பேய் வீடு வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சின்ன வயதில் அதை ரசித்தவன் நான். ஆனால் அதற்கு உள்ளே போக ஒரு வாசல் இருந்தால், அவசரத்துக்கு வெளியே ஓடிவர இன்னொரு வாசலும் இருக்கவேண்டும். அது இல்லாத பேய் வீட்டுக்குள் ஒரு பிள்ளையையும் அனுப்பக்கூடாது என்பது என் கருத்து.

முதலில் பழைய கதை கொஞ்சம்.

வீராம்பட்டினம் தேர் நம் புதுவைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளி. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அவர்கள் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அந்தத் தேர்க் கூட்டத்தை நம்பி வரும் கூடாரங்களில்தான் எனக்குப் பேய் அறிமுகம் ஆனது. 1959 அல்லது 1960 இருக்கும். டிக்கெட் 10 நயா பைசா. மூங்கில் நட்டு, சாக்குப் படுதா கட்டி, உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒரு நடைவழி. காலடியில் வைக்கோல் பரப்பியிருக்கும்; எங்கே மிதிக்கிறோம் என்றே தெரியாது. மேலிருந்து ஈரச் சணல் நூல்கள் தொங்கி முகத்தைத் தடவும். கறுப்புத் துணியில் சுண்ணாம்பால் எழும்புக்கூடு வரைந்திருப்பார்கள். சாம்பிராணிப் புகை வேறு. மூலையில் கரி பூசிய ஒரு மனிதர் திடீரென்று "ஹூம்" என்று எழுந்திருப்பார்.

என் அக்கா என்னைவிட இரண்டு வயது பெரியவள். வீட்டில் எனக்கு மோகினிக் கதை சொல்லிப் பயமுறுத்துவதே அவள்தான். உள்ளே போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். உடனே கரி பூசிய பேய் குனிந்து, "பயப்படாத பாப்பா, நான்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படுதாவைத் தூக்கிப் பிடித்தது. இரண்டே எட்டில் வெயிலுக்கு வந்துவிட்டோம். எதிரே வளையல் கடை. அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது. பேய் மறுபடி உள்ளே போய்விட்டது, அடுத்த ஆளைப் பயமுறுத்த.

அது சாக்குப் படுதா என்பதால் எந்தப் பக்கம் தூக்கினாலும் வாசல்தான். பயமுறுத்துகிறவரே பயத்தை நிறுத்தவும் பக்கத்தில் இருந்தார். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பிறகு மாமாவோடு சென்னைப் பொருட்காட்சிக்குப் போனபோது கண்ணாடி அறையைப் பார்த்தேன். உருளைபோல் முன்னே புடைத்த கண்ணாடியை நிமிர்த்தி வைத்தால் நம்மைக் குச்சியாக்கும். அதையே படுக்கவைத்தால் குள்ளக் குண்டனாக்கும். கட்டை மீசை வைத்த மாமா தன்னைப் பார்த்துத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்துக் கூடாரத்தில் "தலை மட்டும் பேசும் பெண்". மேசைமேல் ஒரு தலை. கீழே உடம்பைக் காணோம். மேசைக் கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்வாக நிறுத்திவிட்டால், பக்கத்துத் திரைகள் அதில் தெரிந்து, மேசைக்கு அடியில் வெறும் வெளி இருப்பதுபோல் தோன்றும். பெண் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். இதை லண்டனில் முதன்முதலில் 1865-இல் மேடையேற்றினார்கள். நூறு வருஷம் கழித்தும் நம்ம ஊரில் அதற்குக் கூட்டம் குறையவில்லை.

பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில். ஒருநாள் வாசகத்தில் ஊர்ச்சந்தைப் பாடம் வந்தது. அதில் 'பலே தே கிளாஸ்' என்றொரு இடம். கண்ணாடி மாளிகை என்று அர்த்தம். ஆனால் 'கிளாஸ்' என்ற சொல்லுக்குப் பனிக்கட்டி, ஐஸ்கிரீம் என்றும் பொருள் உண்டு. "அங்கே ஐஸ் எவ்வளவு, மெஸ்யே?" என்று ஒரு பையன் கேட்க, வாத்தியாரே சிரித்துவிட்டார். அதே பாடத்தில் 'த்ரேன் ஃபாந்தோம்' என்றும் வந்தது. பேய் ரயில்.

அந்தப் பேய் ரயிலின் கதை சுவையானது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் லியோன் காசிடி என்பவரும் அவருடைய கூட்டாளியும் செய்தது அது. சின்னக் கட்டடம், உள்ளே ஒரே ஒரு தண்டவாளம். அதை நேராகப் போட்டால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே மடித்து, திருப்பி, சுற்றிச் சுற்றிப் போட்டார்கள். வண்டி எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாமல் இருட்டில் திரும்பும். ஒரு இடத்தில் சக்கரம் சுவிட்சை மிதிக்கும். விளக்கு எரிந்து எலும்புக்கூடு எழும். அவர்கள் கம்பெனிக்கு 'பிரெட்செல்' என்று பெயர். அது நம் முறுக்கு மாதிரி சுற்றிச் செய்யும் ஒரு தின்பண்டம். தண்டவாளம் முறுக்குபோல் இருந்ததால் அந்தப் பெயர். 1930-இல் இங்கிலாந்தில் பிளாக்பூல் கடற்கரைப் பூங்காவுக்கு அது போனபோது அங்கே 'கோஸ்ட் ட்ரெயின்' ஆயிற்று.

இருட்டு, வளைந்த வழி, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமை. பேய் வீட்டின் தொழில் இந்த மூன்றில்தான் அடங்கியிருக்கிறது. ஆபத்தும் இதே மூன்றில்தான் இருக்கிறது.

1979 ஜூன் 9-ஆம் தேதி இரவு, ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து லூனா பார்க்கில் பேய் ரயில் தீப்பற்றியது. 1935 முதல் ஓடிக்கொண்டிருந்த பழைய மர அமைப்பு. ஒரு தகப்பனாரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், நான்கு பள்ளி மாணவர்களுமாக ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1984 மே 11 அன்று, பேய் ரயில் பிறந்த அதே நியூ ஜெர்சியில், ஒரு பெரிய பூங்காவின் 'பேய்க் கோட்டை' எரிந்தது. லாரிகளின் பின்பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய கோட்டை அது. உள்ளே ஸ்பாஞ்சு மெத்தைகள். மேலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் கிடையாது. பதின்வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் போனார்கள்.

பேய் வீட்டில் நெருப்பு மற்ற இடத்து நெருப்பு மாதிரி இல்லை. சினிமாக் கொட்டகையில் ஒருவர் அலறினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேய் வீட்டில் அலறினால் யாரும் ஓடிவர மாட்டார்கள். அலறத்தானே டிக்கெட் வாங்கினோம்! புகை வந்தால் அதுவும் வேடிக்கையோ என்று தோன்றும். வெளியே நிற்கிற நாம், "உள்ளே நல்லாக் கத்துறான் பார்" என்று சிரித்துக்கொண்டிருப்போம்.

இதனால்தான் அமெரிக்காவில் இத்தகைய கட்டடங்களுக்கென்றே தனி விதி வைத்திருக்கிறார்கள். புகை தெரிந்தவுடன் வழியெல்லாம் தானாக விளக்கு எரியவேண்டும். பேய்ச் சத்தமும் பாட்டும் தானாக நிற்கவேண்டும். விளையாட்டு முடிந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். வீராம்பட்டினத்தில் அந்தக் கரிப்பூச்சு மனிதர் "நான்தான்" என்று சொன்னாரே, அந்த வேலையைத்தான் இந்த விளக்கு செய்கிறது.

என் நண்பர் ஒருவர், "அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? நாம் நல்லாத்தானே இருக்கிறோம்?" என்று கேட்டார். நல்லபடியாக வீடு திரும்பினவர்கள்தானே உட்கார்ந்து நினைவு எழுதுகிறோம்! 1886 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னை பீப்பிள்ஸ் பார்க் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் யாரும் சந்தை நினைவுகள் எழுதவில்லை. கீற்றுக் கொட்டகையும் மண்ணெண்ணெய் விளக்கும் சேர்ந்த எங்கள் காலத்துத் திடலும் பத்திரமான இடம் என்று நான் சொல்ல மாட்டேன். படுதாவைத் தூக்கினால் வெளியே வரலாம் என்ற ஒன்று மட்டும் அதில் நல்லது. இன்று அந்தப் படுதாவும் இல்லை. பலகையும் தகரமும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தெர்மோகோல், நைலான் துணி, ஒட்டுப்போட்ட ஒயர், பக்கத்தில் ஜெனரேட்டர்.

2004 ஜூலை 16 கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரைகளை மாற்றினோம். 2024 மே 25 அன்று குஜராத் ராஜ்கோட்டில் ஒரு விளையாட்டுக் கூடம் எரிந்து குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அது நடந்துவந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையைப் பார்க்கிற கண், விடுமுறையில் அதே பிள்ளைகள் போய் நிற்கிற கூடாரத்தையும் பார்க்கவேண்டாமா?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டினவன். சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் சான்றிதழ் பார்வையிட்ட அன்றைய நிலைமையைத்தான் சொல்லும். மறுநாள் கூட்டம் வருகிறதென்று பக்கவழியில் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது கோப்பில் ஏறாது. ஆகவே பார்வையிட வருகிறவர் விளக்கை அணைத்துவிட்டு, தாமே உள்ளே நடந்து, பாதி வழியில் நின்று வெளியேறிப் பார்க்கவேண்டும். அதுவும் பொருட்காட்சி நடக்கும் நாட்களில் இன்னொரு முறை, சொல்லாமல் வந்து.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். டிக்கெட் வாங்குமுன் கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அவசர வழி எங்கே என்று கேளுங்கள், காட்டச் சொல்லுங்கள், பூட்டியிருக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். உள்ளே எத்தனை பேரை ஒரே நேரத்தில் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். உள்ளே அவர்கள் ஆள் ஒருவர் டார்ச் விளக்கோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள். "என்ன பெரியவரே, பேய் வீட்டுக்கு வந்துட்டு இவ்வளவு பயப்படறீங்க" என்று டிக்கெட் கொடுப்பவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் பிள்ளையைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போங்கள். அது இல்லாவிட்டால் ஒரு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுங்கள்.

இத்தனை வாசல் வைத்தால் பயம் போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். போகாது. நம் பாட்டிமார் திண்ணையில் மடியில் படுக்கவைத்துக்கொண்டுதான் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை சொன்னார்கள். மடியில் இருக்கிறோம் என்று தெரிந்துதான் நாமும் நடுங்கினோம், "அப்புறம்?" என்றும் கேட்டோம். பிள்ளைகளுக்குப் பயம் கொடுங்கள், தப்பில்லை. கூடவே திரும்பி வரும் வழியையும் கொடுங்கள்.